வீட்டில் செய்த வெள்ளி, செம்பு நகைக்குக் கறுப்பு ஏற்றி மெருகு போடுவது எப்படி?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: செம்புக் கம்பியிலும் 925 வெள்ளியிலும் வீட்டில் கம்மல், பதக்கம் செய்கிறீர்கள். பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் பளபளப்புமாக, கடையில் விற்கும் ‘ஆக்ஸிடைஸ்டு’ நகை மாதிரி வர வேண்டும். அவித்த முட்டையோடு டப்பாவில் ஒரு ராத்திரி அடைத்து வைத்தீர்கள். வெள்ளியில் திட்டுத்திட்டாகப் பிடித்தது, துணியால் துடைத்ததும் பாதி போய்விட்டது, ஒரு செம்புக் கம்மலில் கறுப்பு ஏறவே இல்லை. எங்கே தப்பு?

முட்டை மேல் தப்பில்லை. மொட்டைமாடி ஓரமாக ஒரு மேஜை போட்டுக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் எனக்கும் வந்திருக்கிறது. மூன்றுக்குமே காரணம் கறுப்பு ஏற்றுவதற்கு முன்னால் விட்டுப்போன வேலைதான். எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்த பத்தர் கறுப்பு ஏற்ற ஐந்து நிமிஷம்தான் எடுத்துக்கொள்வார். அதற்கு முன்னால் தேய்க்க அரை நாள் ஆகும், ஏறிய கறுப்பை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். நேரம் எங்கே போக வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ஆக்ஸிடைஸ்’ என்று எல்லோரும் சொன்னாலும் இதில் ஆக்ஸிஜனுக்கு வேலை குறைவு. வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடுதான் அந்தக் கறுப்பு. பூஜை அறை வெள்ளிக் குத்துவிளக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழும் ஆறு மாதத்தில் மங்குகின்றனவே, அதே சங்கதிதான். அது காற்றில் இருக்கும் துளிக் கந்தகத்தால் மெல்ல நடக்கிறது, நாம் ஐந்து நிமிஷத்தில் நடத்திக்கொள்கிறோம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நன்மை உண்டு. கந்தகம் உலோகத்தை நேராகத் தொட வேண்டும் என்பது புரியும். நடுவில் விரல் எண்ணெயோ, மெழுகோ, வார்னிஷோ இருந்தால் அந்த இடம் கறுக்காது. உங்கள் திட்டுகளில் பாதி உங்கள் கைரேகைதான்.

கறுக்காமல் அடம்பிடித்த செம்புக் கம்மலுக்கு வருகிறேன். அந்தக் கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கினீர்களா? வைண்டிங் கம்பி பார்க்கச் சுத்தமான செம்பு மாதிரியே மின்னும், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். கைவினைக் கடைகளில் கலர் கலராகச் சுருளில் விற்கும் கம்பிக்கும் பூச்சு உண்டு. ஒரு துண்டை உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். தேய்த்த இடம் வெளிறிய ரோஜா நிறத்திலும் தேய்க்காத இடம் தேன் நிறத்திலும் இருந்தால் அது எனாமல் கம்பி. சிலர் அடுப்பில் காட்டி எரித்துவிடுகிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பூச்சில்லாத கம்பியாகக் கேட்டு வாங்கிவிடுவதே மேல்.

எந்த உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செம்புதான் எல்லாவற்றையும்விட வேகம், சில விநாடிகளில் கறுக்கும். 925 வெள்ளியில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு, நன்றாகவே பிடிக்கும். 999 சுத்த வெள்ளியும் பிடிக்கும், கொஞ்சம் நிதானமாக. பித்தளை இந்த வழிக்குச் சரியாக மசியாது, அழுக்கு மஞ்சளாக ஏதோ ஒன்று வந்து நிற்கும். ஜெர்மன் சில்வரில் பெயரில்தான் வெள்ளி. உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும்தான், வெள்ளி துளியும் கிடையாது. தெருவோரம் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் ‘ஆக்ஸிடைஸ்டு’ கம்மல்கள் பலவும் இந்த ஜெர்மன் சில்வரோ அதைவிட மலிவான கலவையோதான். அதன் கறுப்பு வேறு ரசாயனத்தில் வந்தது, இல்லையென்றால் பூசியது. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு உங்கள் வெள்ளியை எடை போடாதீர்கள்.

கறுப்பு என்றதும் பீதர் ஞாபகம் வருகிறது. கர்நாடகத்தில் பீதர் ஊரின் பித்ரி வேலையில் துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் சேர்ந்த கலவையில் வெள்ளிக் கம்பியைப் பதிக்கிறார்கள். பிறகு பீதர் கோட்டைப் பகுதி மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் கலந்து சூடாக்கி அதில் போடுகிறார்கள். கலவை மட்டும் கன்னங்கரேலென்று ஆகிவிடும், வெள்ளி வெள்ளையாகவே நிற்கும். நாம் கந்தகத்தால் வெள்ளியைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்க, அங்கே வெள்ளியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைக் கறுப்பாக்குகிறார்கள். எந்த உலோகத்துக்கு எந்த மருந்து என்பது அவ்வளவு முக்கியம்.

சரி, வேலைக்கு வருவோம்.

நகை முழுவதும் முடிந்து, மெருகும் ஏறிய பிறகுதான் கறுப்பு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: சொரசொரப்பான வெள்ளியில் கறுப்பு ஏற்றிவிட்டு, மெருகு போடும்போது அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பாதி போனது இப்படித்தான் இருக்கும். அரம் போட்ட தடம் இருந்தால் 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று போங்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள் வாங்குங்கள், கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும். ஒரு தாளில் இடம் வலமாகத் தேய்த்தால் அடுத்ததில் மேல் கீழாகத் தேயுங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். இங்கே அவசரப்பட்டு விட்ட ஒரு கீறல், கறுப்பு ஏறியதும் மையால் கோடு போட்டது மாதிரி தெரியும். என்னுடைய முதல் பதக்கம் ஒன்றில் அப்படி ஏழு கோடு இருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன்.

பற்றவைத்த நகையாக இருந்தால் வெங்காரக் கசடும் நெருப்புக் கறையும் போக வேண்டும். பட்டறையில் இதற்கு நீர்த்த கந்தகத் திராவகம் (சல்ஃபியூரிக் ஆசிட்) வைத்திருப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் ஒரு கப் சூடான நீருக்கு ஒரு மேஜைக்கரண்டி போதும், கால் மணி நேரம் ஊறட்டும். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பற்றவைக்கும்போது பிடிப்புக்காகச் சுற்றிய இரும்புக் கட்டுக்கம்பியைக் கழற்ற மறந்து, ஒரு ஜோடி வெள்ளி மெட்டியை அப்படியே ஆசிட்டில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் இரண்டும் ரோஜா நிறம். பல நகைகளை ஊறவைத்த நீரில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு உள்ளே போனதும் அந்தச் செம்பு வந்து வெள்ளிமேல் படிந்துவிட்டது. மறுபடி உப்புத்தாள், மறுபடி அரை நாள். அன்றிலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு ஒரு மூங்கில் குச்சிதான். இரும்புச் சாமணம் பக்கத்திலேயே வராது.

அப்புறம் எண்ணெய் நீக்கம். பாத்திரம் கழுவும் சோப்பு போதும் என்பார்கள். எனக்குப் பூந்திக்கொட்டைதான் பிடித்திருக்கிறது. நாலு கொட்டையைத் தட்டி விதையை எடுத்துவிட்டு வெந்நீரில் ஊறவைத்தால் நுரை வரும். பத்தர்கள் தங்கத்தையும் வெள்ளியையும் கழுவுவது இதில்தான். மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் அந்த நுரையில் தேய்த்தால் அழுக்கும் போகும், வெள்ளிக்கு ஒரு மிதமான மினுக்கும் வரும். நுரை இல்லாமல் உலர்வாகத் தேய்த்தால் பித்தளையின் மஞ்சள் வெள்ளியில் ஒட்டிக்கொள்ளும், அதை மட்டும் கவனியுங்கள். கழுவிய நகையை நீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். நீர் ஒரே படலமாக ஒட்டி மெதுவாக வடிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை. இந்தப் பரிசோதனைக்குப் பிறகு விரல் படக் கூடாது, செம்புக் கம்பிக் கொக்கியில் மாட்டித்தான் எடுக்க வேண்டும்.

இனி கந்தகம். முட்டை வழியே தொடர விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். மஞ்சள் கரு வெளிறும்வரை நன்றாக வேகவைத்து, சுடச்சுட ஓட்டோடு நசுக்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில் போடுங்கள். நகை முட்டையைத் தொடக் கூடாது, மூடியிலிருந்து நூலில் தொங்க வேண்டும். முட்டையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் வேலை செய்கிறது. முட்டை ஒட்டிய இடத்தில் ஒரு திட்டு விழும். செம்புக்கு ஒரு மணி நேரத்திலேயே பழுப்பு தெரியும், வெள்ளிக்குச் சில மணி நேரமோ ஒரு ராத்திரியோ ஆகும். பழுப்பு, சாம்பல் வரைக்கும் நன்றாக வரும். அடர்ந்த கறுப்பு வேண்டுமென்றால் முட்டையோடு மல்லுக்கட்டுவது நேர விரயம் என்பது என் கருத்து.

அதற்கு லிவர் ஆஃப் சல்ஃபர் வாங்குங்கள். பொட்டாசியத்தின் சல்ஃபைடுகள் கலந்த கட்டி அது. ஈரல் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். கட்டியாகவும் ஜெல்லாகவும் நகைக் கருவிகள் விற்கும் இடங்களில் கிடைக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும், கறுப்பு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். கந்தகத்தையும் பொட்டாஷையும் வாங்கி வீட்டில் உருக்கிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு பழைய கண்ணாடிக் கிண்ணத்தில் சூடான நீர், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூட. கொதிக்கவே கூடாது, கொதித்தால் மருந்தும் வீணாகும் நாற்றமும் தாங்காது. ஒரு கப்புக்குப் பட்டாணி அளவு கட்டி போதும், நீர் எலுமிச்சைச் சாறு நிறத்துக்கு வரும். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்த தண்ணீர். நகையை முதலில் வெந்நீரில் காட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்ற வெள்ளியை விட்டால் நிறம் சோம்பேறித்தனமாகவும் சீரில்லாமலும் ஏறும்.

மருந்தில் இரண்டு மூன்று விநாடி, உடனே பச்சைத் தண்ணீர். தூக்கிப் பாருங்கள். வெள்ளி முதலில் வெளிறிய பொன் நிறமாகும். மறுமுறை முக்கினால் செம்பு மாதிரி, அடுத்து கத்தரிப்பூ, அடுத்து மயில்கழுத்து நீலம், பிறகு சாம்பல், கடைசியில் கறுப்பு. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதே காரணம்தான்: படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புகிறது. அந்த மயில்கழுத்தில் நிறுத்திவிட ஆசையாக இருக்கும். நிறுத்தலாம். ஆனால் அது தங்காது, நாள்பட நாள்பட இருண்டுகொண்டே போகும். விற்பனைக்கு என்றால் நிறத்தை நம்பி விலை சொல்லாதீர்கள்.

ஒரே முக்கில் கறுப்பாக்க வேண்டும் என்று கட்டியை அள்ளிப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, அதுவும் செம்பில். திடமான கரைசலில் படலம் தடிப்பாகவும் பொருபொருவென்றும் பிடித்து, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். நீர்த்த கரைசலில் ஐந்தாறு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் அலசி ஏற்றிய கறுப்பு உலோகத்தோடு ஒட்டி நிற்கும். போதும் என்றானதும் சோடா நீரில் போட்டு நன்றாக அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, முழுக்க உலர விடுங்கள்.

இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். மொட்டைமாடி, இல்லையென்றால் காற்றோட்டமான பால்கனி. இங்கேயும் அழுகிய முட்டை நாற்றம்தான், அதே விஷ வாயு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும், போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிட்ரிக் ஆசிட் கிண்ணமும் இந்தக் கிண்ணமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அமிலம் பட்டதும் அந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பும். ஆசிட்டிலிருந்து எடுத்த நகையைச் சோடா நீரில் அலசாமல் மருந்துக்குக் கொண்டுவராதீர்கள். கிண்ணம், கரண்டி எல்லாம் தனி, சமையலறைக்குத் திரும்பவே கூடாது. மீந்த கரைசலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், வெயிலில் திறந்து வையுங்கள். மஞ்சள் வெளுத்துத் தெளிந்தால் அதன் வீரியம் போய்விட்டது. நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டலாம்.

கல் வைத்த நகையானால் கறுப்பு ஏற்றிய பிறகு கல்லைப் பதியுங்கள். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, அமிலத்தில் அரித்துப்போகும். டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல் எதையும் உறிஞ்சிக்கொண்டு நிறம் மாறும். ஓபலையும் முக்க வேண்டாம். கல் ஏற்கெனவே பதிந்திருந்தால் மெல்லிய தூரிகையால் வெள்ளியில் மட்டும் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைக்கலாம், கை நடுங்காதவர்களுக்கு.

இப்போது நகை அட்டக்கரியாக இருக்கும். முதல்முறை பார்க்கும்போது கெடுத்துவிட்டோமோ என்று பக்கென்று இருக்கும். இனிமேல்தான் அந்த ஒரு மணி நேரம்.

ஒரு ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். குடை முழுக்கக் கறுப்பு, விளிம்பில் பொடி மணிகள் வரிசையாக. துணியால் தேய்த்தால் துணி மணிகளுக்கு நடுவிலும் புகுந்து, தங்க வேண்டிய கறுப்பையும் எடுத்துவிடும். கெட்டியாக ஒன்று வேண்டும். பள்ளிக்கூட ரப்பர் துண்டில் 2000 எண் தாளை இறுக்கிச் சுற்றி, நனைத்து, மணிகளின் உச்சியில் மட்டும் படும்படி ஒரே திசையில் இழுங்கள். நாலாவது ஐந்தாவது இழுப்பில் ஒவ்வொரு மணியிலும் ஒரு கடுகளவு வெள்ளை திறக்கும். அங்கே நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மணியின் உச்சி வெள்ளை, தோள் சாம்பல், இடுக்கு கறுப்பு என்று மூன்று படியாகத் தெரிய வேண்டும். அந்த நடுச் சாம்பலை விட்டுவைத்தால்தான் மணி உருண்டையாகத் தெரியும். அதையும் தேய்த்துவிட்டால் கறுப்புத் தாளில் வெள்ளைப் புள்ளி வைத்தது மாதிரி தட்டையாகிவிடும். குடையின் பரப்புக்கு 0000 எண் ஸ்டீல் வுல் (பஞ்சு மாதிரி மெல்லிய இரும்பு நார்) நன்றாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அதற்குப் பதில் எடுத்துவிடாதீர்கள்.

கடைசி மெருகுக்கு நான் திருநீறு பயன்படுத்துகிறேன். நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் துலக்குவது அதில்தானே. ஆனால் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே போடக் கூடாது. சாணச் சாம்பலில் மணல் சத்து உண்டு, ஒரு பெரிய துகள் போதும் கீறல் போட. மல்துணியில் சலித்த மாவை, உலர்ந்த கட்டை விரல் நுனியால் மேட்டில் மட்டும் தேய்த்தால், பட்டுமாதிரி ஒரு ஒளி வரும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் ரூஜ் என்கிற செந்நிற மெருகுப் பொடி தடவிய துணி வாங்குங்கள். கறுப்பு வைத்த நகைக்கு அவ்வளவு பளபளப்பு எனக்குப் பிடிக்காது. அது அவரவர் கண்.

சங்கிலி, கொலுசு மாதிரி கண்ணி கண்ணியாக இருப்பதைக் கையால் தேய்த்துச் சாகாதீர்கள். மாதம் பத்துப் பதினைந்து நகை செய்கிறீர்கள் என்றால் நகையைப் போட்டுச் சுற்றவிட்டு மெருகேற்றும் சின்ன உருளை இயந்திரம், ‘டம்ளர்’, ஒன்று வாங்கிவிடலாம். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டுகள், மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, ஒரு மணி நேரம் சுற்றல். குண்டுகள் வெள்ளியைத் தேய்ப்பதில்லை, தட்டித் தட்டி அழுத்துகின்றன. அதனால் எடை போகாது, மேற்பரப்பு கொஞ்சம் இறுகும், கறுப்பும் துப்பாக்கிக் குழல் மாதிரி ஒரு மினுக்கோடு அமரும். செம்பையும் வெள்ளியையும் தனித்தனியாகச் சுற்றவிடுங்கள்.

செம்பு நகைக்கு முடிவில் மெல்லிய மெழுகுப் பூச்சு தேவை. தேன்மெழுகை விரல் சூட்டில் இளக்கித் தடவி, மென்துணியால் மினுக்கிவிட்டால் சில மாதம் தாங்கும். வெள்ளிக்கு நான் எதுவும் பூசுவதில்லை. காதில் நுழையும் கொக்கியை மட்டும் கறுப்பாக்காமல் விட்டுவிடுங்கள், முடிந்தால் செம்பு நகைக்கும் வெள்ளிக் கொக்கியே போடுங்கள். செம்பு வியர்வையில் தோலைப் பச்சையாக்கும். கழுவினால் போய்விடும்தான், ஆனால் வாங்கியவர் பயந்துவிடுவார்.

கறுப்பு கோணல்மாணலாக வந்துவிட்டால் வெள்ளிக்கு ஒரு அழிரப்பர் உண்டு. கிண்ணத்தில் சாப்பாடு பார்சல் கட்டும் அலுமினியத் தாளை விரித்து, ஒரு கரண்டி ஆப்ப சோடா, கொஞ்சம் உப்பு, கொதிக்கும் நீர். நகை தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்கு மாறிவிடும், கறுப்பு கண்முன்னே கரையும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

இதே வைத்தியம்தான் விற்ற நகைக்கு எமனும். மூன்று நாள் வேலை செய்த பதக்கம் ஒன்றை வாங்கிப் போனவரின் அத்தை, “பாவம், கறுத்துக் கிடக்குதே” என்று இதே தாளும் சோடாவும் வைத்து வெளுத்துக் கொடுத்துவிட்டார். பளிச்சென்று திரும்பி வந்தது, உள்ளே வெட்டிய கொடி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. டூத்பேஸ்ட், கடையில் விற்கும் சில்வர் டிப், பத்து ரூபாய்க்கு வெள்ளைப் பாலிஷ் போட்டுத் தருகிறவர் எல்லாம் இதே ரகம். இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு வைக்கிறேன்: ‘இந்தக் கறுப்பு வேண்டுமென்றே வைத்தது. மென்துணியால் துடைத்தால் போதும். ஜிப் கவரில் ஒரு சாக்பீஸ் துண்டோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள்.’ ரப்பரில் கந்தகம் இருக்கிறது. போட்ட இடத்தில் ஒரு கறுப்பு வளையம் விழும், அது மட்டும் நாம் வைக்காதது.